மின்சிகரெட்டும் அதன் பராமரிப்பும்



மின்சாரத்தால் இயங்கும் சிகரெட்டைக் குறித்து இன்று சில செய்திகளைக் கூற விழைகிறோம். வேலையின் பொருட்டு வேற்று மாநிலங்களுக்குச் சென்றுள்ள தமிழருள் பொறியியல் பயின்ற இளைஞர் பலர். பெங்களூரில் எஸ்.பி. சாலை, மும்பையில் லாமிங்டன் சாலை, தில்லியில் லஜபத்ராய் சந்தை, கொல்கத்தாவில் சாந்தினி சந்தை என, மின்னணு உறுப்புகள் குவிந்து கிடக்கும் கடைத்தெரு ஒன்று ஒவ்வொரு பெருநகரிலும் உண்டு. கம்பியும் மின்கலமும் எளிதில் கிடைக்கின்றன. செய்யும் திறமையும் கையில் இருக்கிறது. ஆகவே, 'அடிக்கடி பழுது பார்க்கத் தேவையில்லாத ஒரு மின்சிகரெட்டை நாமே வடிவமைத்துக்கொள்ள இயலாதா?' என்னும் கேள்வி இளைஞர் உள்ளத்தில் எழுவது வியப்பன்று.

இக்கேள்விக்குச் சட்டம் ஒரு விடை கூறுகிறது. பொறியியலும் ஒரு விடை கூறுகிறது. சட்டத்தின் விடையைப் பின்னர்க் காண்போம். பொறியியலின் விடையை முதலில் எடுத்துக்கொள்வோம். ஏனெனில், காரணம் அறிந்து ஒன்றை விலக்குபவனுக்குக் காவற்காரன் வேண்டியதில்லை.

இக்கருவியின் வரலாறு பலரும் எண்ணுவதைக் காட்டிலும் பழையது. மருந்துப் பொருள்களை மின்சாரத்தால் ஆவியாக்கி மூச்சில் இழுப்பதற்கான கருவி ஒன்றுக்கு ஜோசப் ராபின்சன் என்பவர் 1930-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட் 1963-இல் விண்ணப்பித்து 1965-இல் வேறொரு காப்புரிமை பெற்றார். புகையிலையும் தாளும் எரிவதற்குப் பதிலாக, வெப்பமும் ஈரமும் நறுமணமும் கொண்ட காற்றை இழுப்பதே அவர் கண்ட வழி. அவருடைய கருவியில் நிக்கோட்டின் கிடையாது. அது சந்தைக்கு வராமலே நின்றுவிட்டது. சீன நாட்டு மருந்தியலாளர் ஹான் லிக் 2003-ஆம் ஆண்டில் அமைத்த கருவியே உலகெங்கும் பரவியது. அவர் தாமும் புகைப்பழக்கம் உடையவர். அவருடைய தந்தையாரோ நுரையீரல் புற்றுநோயால் மாண்டவர். மீயொலி அதிர்வுகளைக் கொண்டு நிக்கோட்டின் கலந்த திரவத்தை நுண்துளிகளாக உடைப்பது ஹான் லிக் முதலில் கையாண்ட முறை. அம்முறை நிலைபெறவில்லை. மின்சாரத்தால் சூடேறும் கம்பிச்சுருளே நிலைபெற்றது. நாம் பேச வந்த பராமரிப்பு என்னும் தொல்லையும் அச்சுருளோடு கூடவே பிறந்தது.

கருவியின் அமைப்பைச் சற்றே நோக்குவோம். அதில் மின்கலம், கம்பிச்சுருள், திரி, திரவம் என நான்கு உறுப்புகள் உள்ளன. திரவத்தின் பெரும்பகுதி புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் ஆகும். முன்னது 188 பாகை செல்சியசிலும் பின்னது 290 பாகையிலும் கொதிப்பவை. நிக்கோட்டினும் மணப்பொருள்களும் அவற்றில் கரைந்திருக்கும். திரி திரவத்தை உறிஞ்சிச் சுருளிடம் சேர்க்கிறது. மின்கலம் சுருளைச் சூடாக்குகிறது. சூட்டில் திரவம் ஆவியாகி, காற்றில் குளிர்ந்து, நுண்துளிகளாக மாறி நுரையீரலுக்குள் புகுகிறது. வாயிலிருந்து வெளிவரும் வெண்படலத்தைப் பலரும் நீராவி என்பர். அது நீராவி அன்று; மேற்சொன்ன பொருள்களின் நுண்துளிக் கூட்டமே அது.

நம் இல்லங்களில் குத்துவிளக்கு ஏற்றியவர்களுக்கும், மண்ணெண்ணெய்த் திரியடுப்பில் சமைத்தவர்களுக்கும் இந்த அமைப்பு புதியதன்று. எண்ணெய் உள்ளவரை திரி கருகுவதில்லை, எரிவது எண்ணெயே. எண்ணெய் வற்றியதும் திரியே எரியத் தொடங்கும். அப்போது எழும் நாற்றத்தை அறியாதார் இலர். திரியின் நுனியில் கருக்குப் படியும். அதனைத் தட்டிவிட வேண்டும், திரியைத் தூண்ட வேண்டும், சில நாள் கழித்து மாற்றவும் வேண்டும். தூண்டாமலே நின்றெரியும் திரிவிளக்கை யாரும் கண்டதில்லை. அவ்விளக்கின் திரியைச் சிறிதாக்கி, ஒரு கம்பிச் சுருளுக்குள் நுழைத்து, வாயில் வைத்து இழுப்பதாகக் கொண்டால் மின்சிகரெட்டு நம் கண்முன் நிற்கும். விளக்கின் கருக்கு அறையின் காற்றில் கலந்து போகும். இதன் கருக்கோ நேரே மார்புக்குள் செல்லும். வேறுபாடு அவ்வளவே.

தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த மின்சிகரெட்டுகள் சிகரெட்டின் உருவத்தையே கொண்டிருந்தன. அவற்றின் மின்கலம் மிகச் சிறியது, விரைவில் தீர்ந்துவிடும். சுருளும் விரைவில் கெட்டது; திரவமும் கசிந்தது. இத்தொல்லைகளைக் களைய முற்பட்டவர்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருந்த கைவினை ஆர்வலர்களே. 2008-ஆம் ஆண்டை ஒட்டி அவர்கள் டார்ச் விளக்கின் குழாயை எடுத்து, அதனுள் பெரிய மின்கலத்தைப் பொருத்தி, தலைப்பில் ஆவியாக்கும் பகுதியை இணைத்தனர். மடிக்கணினியின் மின்கலத் தொகுப்பில் இடம்பெற்ற 18650 என்னும் லித்தியம் மின்கலம் அவர்களுக்குப் பெரிதும் உதவியது. 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையது என்பதே அவ்வெண்ணின் பொருள். இவ்வாறு முதல் தொல்லை தீர்ந்தது. ஏனையவை அவ்வளவு எளிதில் தீரவில்லை.

திரியை முதலில் எடுத்துக்கொள்வோம். பஞ்சுத்திரி மலிவானது, திரவத்தை நன்கு உறிஞ்சும். ஆனால், வெப்பம் மிகுந்தால் கருகும். சில நாள்களுக்கு ஒரு முறை மாற்றப்பட வேண்டும். கருகாத திரி வேண்டும் என்று கண்ணாடி இழையைப் போன்ற சிலிக்கா இழையை நாடினர். அது வெப்பத்தைத் தாங்கியது. ஆனால், இழை உடைந்து மூச்சில் கலக்குமோ என்னும் அச்சம் உடன் எழுந்தது. துருப்பிடிக்காத எஃகு வலையைச் சுருட்டித் திரியாக்கியவர்களும் உண்டு. அவ்வலை மின்கடத்தி ஆதலால், அதனைத் தீயில் காட்டி மேற்பரப்பில் ஆக்சைடுப் படலம் உண்டாக்க வேண்டியிருந்தது. அப்படலத்தில் ஓரிடம் விட்டுப்போனாலும் மின்சாரம் குறுக்கே பாயும். பின்னர்ப் பீங்கான் வந்தது. அது கருகவில்லை, அதன் நுண்துளைகள் அடைத்துக்கொண்டன. ஒவ்வொரு திரியும் ஒரு வேலையைக் குறைத்து, வேறொரு வேலையைக் கொண்டுவந்து சேர்த்தது.

அடுத்தது சுருள். இரும்பு, குரோமியம், அலுமினியம் ஆகியவை கலந்த கம்பியாலோ, நிக்கலும் குரோமியமும் கலந்த கம்பியாலோ அது செய்யப்படுகிறது. சர்க்கரைப் பொங்கல் வைக்கும்போது பாத்திரம் அடிப்பிடிப்பதை நாம் அறிவோம். இனிப்பூட்டிய திரவமும் சுருளின்மேல் அவ்வாறே அடிப்பிடிக்கிறது. கருநிறமான அந்தப் படிவு வெப்பத்தைத் தடுக்கிறது, சுவையைக் கெடுக்கிறது. ஆர்வலர்கள் திரியைக் கழற்றிவிட்டுச் சுருளைச் செந்நிறமாகக் காய்ச்சிப் படிவை எரிப்பார்கள். நீரில் கழுவிப் புதுத் திரி இடுவார்கள். இனிப்பு மிகுந்தால் இவ்வேலையும் மிகும்.

சுருளிலிருந்து மற்றொன்றும் வெளிப்படுகிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 56 பேர் அன்றாடம் பயன்படுத்திய கருவிகளை ஆராய்ந்து, 2018-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். புட்டியிலிருந்த திரவத்தைக் காட்டிலும், சுருளைத் தொட்டு வெளிவந்த நுண்துளிகளில் ஈயம், நிக்கல், குரோமியம் ஆகிய உலோகங்கள் மிகுந்திருந்தன. பராமரிப்பு இன்றி நெடுநாள் உழைக்கும் சுருளை நாடுபவர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். சுருள் நெடுநாள் உழைக்கிறது என்றால், சூடேறிக் குளிரும் அதே உலோகத்தை நாமும் நெடுநாள் மூச்சில் வாங்குகிறோம் என்பது பொருள்.

திரி வற்றிய நிலையில் கருவியை இயக்கினால் நேர்வது யாது? கிளிசரின் மிகுவெப்பத்தில் சிதைந்து அக்ரோலின் என்னும் எரிச்சலூட்டும் பொருளாகிறது, ஃபார்மால்டிஹைடும் உண்டாகிறது. 2015-இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், 3.3 வோல்ட்டில் காணப்படாத ஃபார்மால்டிஹைடுக் கூட்டுப்பொருள்கள் 5 வோல்ட்டில் காணப்பட்டன என்று அறிவித்தனர். அவ்வளவு கருகிய சுவையை எந்த மனிதனும் பொறுத்துக்கொண்டு இழுக்கமாட்டான் என்று மறுத்தவர்களும் உண்டு. மறுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், இரு தரப்பாரும் உடன்படும் உண்மை ஒன்று உண்டு. வெப்பத்தின் அளவும் திரியின் ஈரமும் சரியாக இருக்கும்வரைதான் தீமை குறையும். அவற்றை இடையறாது கவனிப்பவர் யார்?

கவனிக்கும் பொறுப்பை மின்சுற்றுக்கு அளித்தவர்களும் உளர். நிக்கல், டைட்டேனியம் போன்ற உலோகங்களின் மின்தடை வெப்பத்தோடு கூடுகிறது. அத்தடையை நொடிதோறும் அளந்து, வரம்பு மீறினால் மின்சாரத்தைக் குறைக்கும் சில்லு ஒன்றை அவர்கள் அமைத்தனர். திரி கருகுவதைத் தடுக்க இது நல்லதொரு வழியே. ஆயினும், அச்சில்லின் அளவீடு பிசகாதிருக்க வேண்டும். இணைப்புகள் தளராதிருக்க வேண்டும். படிவோ முன்போலவே படிகிறது.

மின்கலத்துக்கு வருவோம். பராமரிப்பைக் குறைக்க விரும்பிய சிலர், கெட்டுப்போகச் சில்லே இல்லாத கருவியைச் செய்தனர். குழாய், மின்கலம், பொத்தான், சுருள் ஆகியவற்றைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை. பழுதாவதற்கு எதுவும் இல்லை என்பதே அதன் பெருமை. ஆனால், தவறைத் தடுப்பதற்கும் அதில் எதுவும் இல்லை. ஓமின் விதிப்படி கணக்கிட்டுப் பார்ப்போம். முழுதும் மின்னேற்றப்பட்ட லித்தியம் மின்கலம் 4.2 வோல்ட் தரும். சுருளின் தடை 1.8 ஓம் ஆனால், பாய்வது 2.3 ஆம்பியர், வெப்பம் ஏறத்தாழ 10 வாட். தடை 0.2 ஓம் ஆகக் குறைந்தால், பாய்வது 21 ஆம்பியர். வெப்பம் 88 வாட். கட்டைவிரல் பருமனுள்ள மின்கலத்திடம் ஏறக்குறைய ஒரு நூறு வாட் விளக்கின் ஆற்றலைக் கேட்கிறோம். பொத்தான் சிக்கிக்கொண்டாலோ, மின்கலத்தின் மேலுறை சற்றே கிழிந்திருந்தாலோ, மின்கலம் தாங்காது. 2018 மே மாதத்தில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலும், 2019 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலத்திலும் இத்தகைய கருவிகள் வெடித்து ஒவ்வோர் உயிர் பறிபோயிற்று. இருவரும் வாழ வேண்டிய வயதினர்.

திரவம் கசிவதும் சிறு செய்தி அன்று. தொட்டிக்குள் உள்ள காற்றின் அழுத்தமும் வெளிக்காற்றின் அழுத்தமும் ஒத்து நிற்கும்வரை திரவம் உள்ளே நிற்கும். தில்லியின் கோடை வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்தால், திரவம் வெளியேறிச் சட்டைப்பைக்கு வந்துவிடும். நிக்கோட்டின் தோல்வழியாகவும் உடலில் ஏறக்கூடிய நஞ்சு. 2014 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை ஒன்று, நிக்கோட்டின் திரவத்தை உட்கொண்டு இறந்தது. அதன் பின்னரே, அத்திரவத்தின் புட்டிகளுக்குக் குழந்தைகளால் திறக்க இயலாத மூடி வேண்டும் என்னும் சட்டம் அந்நாட்டில் நிறைவேறியது. ஒரே அறையில் சமையலும் படுக்கையும் குழந்தையின் விளையாட்டும் நிகழும் பெருநகரக் குடியிருப்புகளில் வாழும் நாம் இச்செய்தியை எளிதாகக் கடந்துவிட இயலாது.

திரவத்தைத் தாமே கலந்துகொள்வதிலும், முகமறியாதவர் கலந்ததை வாங்குவதிலும் உள்ள இடரை 2019-ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டியது. அமெரிக்காவில் அவ்வாண்டு பரவிய நுரையீரல் நோயால், 2020 பிப்ரவரி வரையில் 2,807 பேர் பாதிக்கப்பட்டனர். அவருள் 68 பேர் இறந்தனர். முறையற்ற வழியில் விற்கப்பட்ட கஞ்சாச் சத்துத் திரவங்களே பெரும்பாலும் காரணமாயின. அவற்றைக் கெட்டியாக்கச் சேர்த்த வைட்டமின் ஈ அசிட்டேட்டு என்னும் எண்ணெய்ப் பொருள் நோயாளிகளின் நுரையீரல் நீரில் காணப்பட்டது. தோலில் பூசத்தக்கது, வயிற்றுக்கு ஒவ்வுவது, மூச்சுக்கு ஒவ்வாது. வாய்க்கு உகந்த மணப்பொருள் யாவும் மார்புக்கு உகந்தது என்று கொள்வது தவறு என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா.

இவ்வளவு தொல்லையும் வேண்டா என்று வணிக உலகம் கண்ட முடிவான வழி ஒன்று உண்டு. அதுவே, பயன்படுத்தி எறிந்துவிடும் மின்சிகரெட்டு. திரி மாற்ற வேண்டா, சுருள் கழுவ வேண்டா, திரவம் ஊற்ற வேண்டா. பராமரிப்பு அறவே இல்லாத கருவி என்று எதையேனும் சொல்வதாயின், இதனைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் நிகழ்ந்தது யாது? பிரித்தானியாவில் 2023-இல் வாரந்தோறும் ஏறத்தாழ 50 லட்சம் கருவிகள் குப்பைக்குச் சென்றன என்று கணக்கிடப்பட்டது. மீண்டும் மின்னேற்றத்தக்க லித்தியம் மின்கலங்கள் ஒரே முறை பயன்பட்டு, குப்பை வண்டிகளில் நசுங்கித் தீப்பற்றின. பள்ளிச் சிறுவரும் அவற்றை எளிதில் பழகிக்கொண்டனர். 2025 ஜனவரியில் பெல்ஜியமும், அவ்வாண்டு ஜூன் 1 முதல் பிரித்தானியாவும் அவற்றின் விற்பனையைத் தடை செய்தன.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். பராமரிப்பு என்னும் சுமை மறைவதில்லை, தோள் மாறுகிறது. பஞ்சின் சுமை பீங்கானுக்குச் சென்றது. கையின் சுமை சில்லுக்குச் சென்றது. சில்லை நீக்கியபோது அது மின்கலத்துக்குச் சென்றது. கருவியையே எறிந்தபோது அது குப்பைமேட்டுக்குச் சென்றது. எங்கும் ஏற்கப்படாமல் எஞ்சிய பகுதியை நுரையீரல் ஏற்றுக்கொண்டது. பழுது பார்க்க வேண்டாத மின்சிகரெட்டு என்பது, பழுதைத் தன்மேல் காட்டாத மின்சிகரெட்டு என்றே பொருள்படும்.

நடுவுநிலை பிறழாது ஒன்று கூற வேண்டும. சிகரெட்டு எரியும்போது எழும் தாரும் கார்பன் மோனாக்சைடும் மின்சிகரெட்டில் இல்லை என்றும், நெடுநாள் புகைத்தவர் அதனை விடுவதற்கு இது துணையாகலாம் என்றும் பிரித்தானிய மருத்துவத்துறையினர் கருதுகின்றனர். அந்நாட்டில் திரவத்தின் நிக்கோட்டின் அளவுக்கும் தொட்டியின் கொள்ளளவுக்கும் சட்டம் வரம்பு கட்டியுள்ளது. அந்தக் கருத்து அத்தகைய கட்டுப்பாட்டோடு சேர்த்தே படிக்கத்தக்கது. கடைத்தெருவில் வாங்கிய கம்பிக்கும், பெயரறியாத புட்டியில் வந்த திரவத்துக்கும் அது பொருந்தாது.

இனி, சட்டம் கூறும் விடைக்கு வருவோம். பஞ்சாப், கருநாடகம், தமிழ்நாடு முதலிய மாநிலங்கள் முன்னரே தனித்தனியே தடை விதித்திருந்தன. 2019 செப்டம்பர் 18-ஆம் நாள் இந்திய அரசு அவசரச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தது. அவ்வாண்டு டிசம்பரில் அது நாடாளுமன்றத்தின் சட்டமாயிற்று. மின்சிகரெட்டைத் தயாரித்தல், இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுசெல்லுதல், விற்றல், வழங்குதல், சேமித்து வைத்தல், விளம்பரம் செய்தல் ஆகியவை அச்சட்டத்தால் விலக்கப்பட்டன. நிக்கோட்டின் இல்லாத திரவம் என்பதால் விலக்கு இல்லை. முழுக் கருவியாயினும் அதன் ஓர் உறுப்பாயினும், செய்வதும் ஒன்றிணைப்பதும் தயாரித்தலாகவே கொள்ளப்படும். ஆதலால், 'விற்பதற்கு அன்று, எனக்காகவே செய்தேன்' என்று சொல்வதை நம்பியிருத்தல் அறிவுடைமை ஆகாது. முதற் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மீண்டும் செய்தால், மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு. இச்சட்டம் எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றே. மொழி தெரியாத ஊரில் காவல் நிலையத்தின் படியேறும் நிலை எத்தகையது என்பதை, வேற்று மாநிலத்தில் வாழும் தமிழருக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

புகைப்பழக்கம் உடையவர் அதனை விட விரும்பினால் நேரான வழிகள் உள்ளன. 1800-11-2356 என்பது புகையிலையை விடுவோர்க்கான தேசியத் தொலைபேசி எண்; கட்டணம் இல்லை. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் உள்ள அதன் பிரிவு தமிழிலும் அறிவுரை வழங்குகிறது. ஆகவே, குவாஹாத்தியில் இருப்பவரும் ஆமதாபாத்தில் இருப்பவரும் தம் உள்ளத்தைத் தாய்மொழியிலேயே திறந்து பேசலாம். மருந்துக் கடைகளில் கிடைக்கும் நிக்கோட்டின் மெல்லுபசையையும் மருத்துவரைக் கலந்து பயன்படுத்தலாம். அதில் திரியும் இல்லை, சுருளும் இல்லை. அளவு முன்னரே வரையறுக்கப்பட்டது. சில வாரங்களில் படிப்படியாக அதனையும் குறைத்து விட்டுவிடலாம்.

இளைஞர்களின் கைத்திறனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. சுருளின் தடையை அளந்து, வெப்பத்தைக் கணக்கிட்டு, மின்கலத்தின் எல்லையை அறிந்து ஒரு கருவியை அமைக்க வல்லவர்கள், அத்திறனைச் செலுத்தத்தக்க துறைகள் இந்நாட்டில் எத்தனையோ உள்ளன. நுரையீரல் என்னும் கருவியோ கழற்றிக் கழுவ இயலாதது. உறுப்பு மாற்றுதற்கும் அரியது. அது நாம் பிறந்த கணம் முதல் யார் பராமரிப்பும் இன்றி, நல்ல காற்று ஒன்றையே கேட்டு உழைத்துவருகிறது. அதற்கு வேண்டியதை அதற்கு அளிப்போமாக.